வேலிக்கு யார் காவல்? வன்னியிலிருந்து ஹெய்ட்டி வரை

2013ஆம் ஆண்டு, கரீபியன் கடலிலுள்ள ஹெய்ட்டி நாட்டுக்குக் கொழும்பிலிருந்து ஒரு விசாரணை அதிகாரி அனுப்பப்பட்டார். அங்கே ஐக்கிய நாடுகள் சபையின் அமைதி காக்கும் படையில் கடமையாற்றிய சிறிலங்காச் சிப்பாய் ஒருவர் மீது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு எழுந்திருந்தது. உண்மையைக் கண்டறிவதற்கென்று சிறிலங்கா இராணுவம் தேர்ந்தெடுத்த அந்த அதிகாரி யார் தெரியுமா?

மேஜர் ஜெனரல் ஜகத் டயஸ். 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தபோது அந்நடவடிக்கையில் முன்னின்ற 57ஆவது படைப்பிரிவின் தளபதி. வன்னியில் மருத்துவமனைகளும் வழிபாட்டிடங்களும் தாக்கப்பட்டமை தொடர்பான குற்றச்சாட்டுக்களில் அவருடைய படைப்பிரிவின் பெயரும் அடிபட்டது. அக்குற்றச்சாட்டுக்களைச் சிறிலங்காத் தரப்பு மறுத்தே வந்திருக்கிறது. மறுப்பது அவர்களின் உரிமை. ஆனால் குற்றச்சாட்டையோ மறுப்பையோ எந்தச் சுதந்திரமான நீதிமன்றமும் எடுத்து ஆராயவில்லை. தாமே விசாரிக்கப்படாத ஒருவர், பிறரை விசாரிக்க விமானம் ஏறினார்.

அவ்விசாரணை எப்படி நடந்தது என்பதை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2017இல் வெளிக்கொணர்ந்தது. முறைப்பாடு செய்தவரிடம் வாக்குமூலம் பெறப்படவில்லை. பரிசோதித்த மருத்துவர்களிடமும் கேட்கப்படவில்லை. சிப்பாய் குற்றமற்றவர் என்ற முடிவு மட்டும் வந்து சேர்ந்தது. அவர் தொடர்ந்தும் இராணுவத்திலேயே இருந்தார்.

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதையை எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பால் எப்படிக் குறைந்தது என்று பூனையின் வீட்டாரே விசாரணை அறிக்கையும் எழுதிக்கொண்ட கதையை ஐ.நா. சபைதான் எங்களுக்குக் கற்பித்தது.

இக்கட்டுரை ஒரு படை அதிகாரியைப் பற்றியதன்று. உலகின் பிற மூலைகளில் நீதிமன்றங்களைக் கட்டியெழுப்ப அலுவலர்களை அனுப்பும் ஒரு சபை, தான் அனுப்பும் படைகளுக்கு அந்த நீதியைப் பொருத்த மறுப்பதைப் பற்றியது. அந்த மறுப்பின் மிகத் தெளிவான சாட்சி வன்னி மண் என்பதே என் வாதம்.

நீதி அலுவலர் என்பவர் யார்?

புலம்பெயர் நாடுகளில் சட்டம் படிக்கும் எங்கள் பிள்ளைகள் பலர் இன்று ஐ.நா. பணிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அவற்றுள் ஒன்று, அமைதி காக்கும் நடவடிக்கைகளில் நீதித்துறை அலுவலராகக் கடமையாற்றும் பணி. துப்பாக்கி இல்லாத வேலை. நீலத் தொப்பிச் சிப்பாய்கள் வீதியைக் காத்துக்கொண்டிருக்க, இவர் இடிந்துபோன நீதிமன்றக் கட்டடத்துக்குள் நுழைகிறார். வழக்கேடுகள் எரிந்திருக்கும். நீதிபதி தலைநகருக்கு ஓடியிருப்பார். சிறைக்குள் எந்த வழக்கும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருப்போர் இருப்பார்கள். அவர்களைப் பதிவேட்டில் ஏற்றுவது, வழக்குத்தொடுநருக்கு விசாரணைத் திட்டம் வகுத்துக்கொடுப்பது, சாட்சிகளுக்குப் பாதுகாப்புத் தேடுவது, நகரத்துக்கு வர இயலாத மக்களிடம் நடமாடும் நீதிமன்றத்தைக் கொண்டுசெல்வது ஆகியனவே அவருடைய நாளாந்த வேலை. நியூயோர்க் தலைமையகத்தில் சட்ட ஆட்சிக்கும் பாதுகாப்பு நிறுவனங்களுக்குமான தனி அலுவலகம் ஒன்று 2007இல் இதற்கென்றே அமைக்கப்பட்டது.

இது வெறும் கடதாசி வேலை என்று எண்ணிவிடாதீர்கள். மத்திய ஆபிரிக்கக் குடியரசைப் பாருங்கள். அங்கே 2015இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் சிறப்புக் குற்றவியல் நீதிமன்றம் ஒன்று உருவானது. உள்நாட்டு நீதிபதிகளும் வெளிநாட்டு நீதிபதிகளும் ஒரே ஆசன வரிசையில் அமரும் கலப்பு நீதிமன்றம் அது. ஐ.நா. படைநடவடிக்கையின் நீதிப்பிரிவு அதற்குத் தோள்கொடுத்தது. 2019 மே மாதத்தில் இரண்டு கிராமங்களில் 46 பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கில், ஆயுதக்குழு ஒன்றைச் சேர்ந்த மூவரை அந்நீதிமன்றம் 2022 ஒக்டோபர் 31ஆம் திகதி குற்றவாளிகளெனத் தீர்த்தது. கொலை நடந்து மூன்றரை ஆண்டுகளுக்குள் தீர்ப்பு! முள்ளிவாய்க்காலின் பின்னர் எத்தனை மூன்றரை ஆண்டுகள் கழிந்துவிட்டன என்பதை வாசகர்களே எண்ணிப் பாருங்கள்.

அதே மத்திய ஆபிரிக்கக் குடியரசில்தான் சிறிலங்கா விமானப்படையின் உலங்குவானூர்திப் பிரிவு ஐ.நா.வுக்காகக் கடமையாற்றியது. அதாவது, கலப்பு நீதிமன்றத்துக்குத் துணைநின்ற அதே நடவடிக்கைக்குச் சிறிலங்கா சேவை வழங்கியது, ஊதியமும் பெற்றது. ஆனால் தன் சொந்த நாட்டில் கலப்பு நீதிமன்றம் என்ற சொல்லையே அது நஞ்சென ஒதுக்கியது. 2015 ஒக்டோபரில் ஜெனிவாவில் 30/1 தீர்மானத்துக்கு இணை அனுசரணை வழங்கி, பொதுநலவாய நாட்டு நீதிபதிகளும் பிற வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கேற்கும் பொறிமுறைக்குத் தலையசைத்த அரசு, சில மாதங்களிலேயே வெளிநாட்டு நீதிபதிகளுக்கு இடமில்லை என்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் வாயால் அறிவித்தது. 2020இல் கோட்டாபய ராஜபக்ச அரசு அந்த இணை அனுசரணையையே விலக்கிக்கொண்டது. பாங்கி நகரத்து மக்களுக்கு ஆகும் நீதிமன்றம் முல்லைத்தீவு மக்களுக்கு ஆகாது என்பதற்கு என்ன நியாயம் உண்டு? இறைமை என்பார்கள். மத்திய ஆபிரிக்கக் குடியரசுக்கு இறைமை இல்லையா?

கூடார வாசலோடு நின்றுவிடும் நீதி

ஐ.நா.வின் நீதி அலுவலர் உள்ளூர் ஆயுதக்குழுத் தலைவனுக்கு எதிரான வழக்கைக் கட்டியெழுப்ப உதவலாம். ஆனால் தன் அலுவலகத்துக்கு அடுத்த கூடாரத்தில் உறங்கும் சிப்பாய் ஒரு சிறுமியைச் சீரழித்தால், அவனை நீதிமன்றத்தில் நிறுத்தும் அதிகாரம் அவருக்கும் இல்லை, அந்த நாட்டு நீதிபதிக்கும் இல்லை. படையினர் மீதான குற்றவியல் அதிகாரம் முழுவதும் அவர்களை அனுப்பிய நாட்டுக்கே உரியது என்பதே உடன்படிக்கை. ஐ.நா.வால் செய்யக்கூடியது அவனை ஊருக்குத் திருப்பி அனுப்புவதே. ஊரில் என்ன நடக்கிறது என்பது அந்த நாட்டின் மனச்சாட்சியைப் பொறுத்தது.

ஹெய்ட்டியில் நடந்தது இதுதான். 2007 நவம்பரில், சுமார் 950 பேர் கொண்ட சிறிலங்கா அணியிலிருந்து மூன்று அதிகாரிகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டுக்களின் பேரில் திருப்பி அனுப்பப்பட்டனர். சுரண்டப்பட்டோருள் குழந்தைகளும் இருந்தனர் என்பதை ஐ.நா.வின் சொந்த உள்ளக விசாரணையே பதிவுசெய்தது. 2004 முதல் 2007 வரையான காலத்தில் 134 சிறிலங்காப் படையினர் ஒன்பது குழந்தைகளைச் சுரண்டியதாக அவ்விசாரணை அறிக்கையை ஆதாரம் காட்டி அசோசியேட்டட் பிரஸ் 2017 ஏப்ரலில் எழுதியது. அவர்களுள் ஒருவர்கூடச் சிறை செல்லவில்லை என்றும் எழுதியது. பசித்த குழந்தைகளைத் தின்பண்டம் காட்டி அழைத்தவர்கள் அவர்கள். அந்தக் குழந்தைகளுக்கு அப்போது நீதி கிடைத்திருந்தால், ஒரு படையை அதன் சொந்த இராணுவ நீதிமன்றத்தின் கையில் விட்டுவிட முடியாது என்ற பாடத்தை உலகம் 2007இலேயே கற்றிருக்கும். ஈராண்டுகளின் பின்னர் அதே இராணுவம் வன்னியில் என்ன செய்கிறது என்று கேட்கும் துணிவும் அதற்கு வந்திருக்கும்.

ஹெய்ட்டிக் குழந்தையின் கதையும் வன்னித் தாயின் கதையும் இரண்டல்ல. தண்டனை இல்லை என்று அறிந்த ஒரு படையின் கதை அது. ஒரே சீருடை, ஒரே கட்டளைப் பீடம், ஒரே மௌனம்.

வன்னி அறிந்த அமைதிப்படைகள்

அமைதிப்படை என்ற சொல்லே எங்கள் மக்களின் காதில் வேறு ஒலியோடுதான் விழுகிறது. 1987 ஜூலையில் வந்து 1990 மார்ச்சில் வெளியேறிய இந்தியப் படை அந்தப் பெயரோடுதான் வந்தது. அது ஐ.நா. படையன்று, இரண்டு அரசுகள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழி வந்தது. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளரும் மருத்துவரும் தாதியரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். முல்லைத்தீவுக் காடுகளில் நடந்த முற்றுகைகளின்போது வன்னிக் கிராமங்கள் பட்ட பாட்டை அங்கு வாழ்ந்தோர் அறிவர். அப்படையை விசாரிப்பதும் தண்டிப்பதும் அப்படையின் உள்வீட்டு விடயமாகவே இருந்தது. முறையிடச் சென்றவர், யாரைப் பற்றி முறையிடுகிறாரோ அவருடைய முகாம் வாசலில்தான் நிற்கவேண்டியிருந்தது.

இரண்டாவது அனுபவம் 2008 செப்டெம்பர். பாதுகாப்புக்கு உத்தரவாதம் தரமுடியாது, வன்னியைவிட்டு வெளியேறுங்கள் என்று அரசு அறிவித்தது. கிளிநொச்சியிலிருந்த ஐ.நா. அலுவலகங்களின் வாசலில் மக்கள் திரண்டு, எங்களை விட்டுப் போகாதீர்கள் என்று மன்றாடினார்கள். செப்டெம்பர் 16ஆம் திகதி ஐ.நா. வாகனங்கள் தெற்கு நோக்கிப் புறப்பட்டன. சாட்சிகள் வெளியேற்றப்பட்ட பின்னரே பெருங்கொலை தொடங்கியது. 2009 ஜனவரியில் உணவுத் தொடரணியோடு உள்ளே சென்ற ஐ.நா. பணியாளர் சிலர், அரசே அறிவித்த பாதுகாப்பு வலயத்தில், சுதந்திரபுரத்தில் தங்கியிருந்தனர். தாம் தங்கியிருந்த இடத்தின் அமைவிடத் தரவுகளை இராணுவத்துக்கு அறிவித்துமிருந்தனர். அங்கும் எறிகணைகள் விழுந்தன. கண்முன்னே மக்கள் மாண்டதை அவர்கள் பதிவுசெய்தனர். ஆனால் தாம் சேகரித்த உயிரிழப்புக் கணக்கை உரத்துச் சொல்ல ஐ.நா.வின் மேலிடம் தயங்கியது.

இதனை நான் சொல்லவில்லை. பான் கீ மூன் நியமித்த நிபுணர் குழு 2011 ஏப்ரலில் கையளித்த அறிக்கை, இறுதிக்கட்டப் போரில் 40,000 வரையான பொதுமக்கள் உயிரிழந்திருக்கலாம் என்றது. 2012 நவம்பரில் வெளிவந்த சார்ள்ஸ் பெட்ரியின் உள்ளக மீளாய்வு அறிக்கை, வன்னியில் ஐ.நா. தன் கடமையில் பாரிய தோல்வி கண்டது என்று ஒப்புக்கொண்டது.

அதே நிபுணர் குழு விடுதலைப் புலிகளைப் பற்றியும் எழுதியது. மக்களை வெளியேறவிடாது தடுத்தமை, வெளியேற முயன்றோரைச் சுட்டமை, பிள்ளைகளைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தமை ஆகியவற்றைப் பட்டியலிட்டது. இதனை எழுதினால் எங்களிற் சிலருக்குக் கோபம் வரும் என்பதை அறிவேன். ஆனால் ஒரு பக்கத்தை மறைத்துக்கொண்டு நீதி கேட்பவனின் மனு முதல் தவணையிலேயே தள்ளுபடியாகும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், பறித்த கை எதுவென்று பார்த்து அழுவதில்லை.

சல்லடையில் உள்ள ஓட்டை

2012இல் ஐ.நா. ஒரு கொள்கை வகுத்தது. அமைதிப்பணிக்கு ஆட்களை அனுப்பும் நாடு, அவர்கள் மனித உரிமை மீறலில் ஈடுபட்டவர்களல்லர் என்று உறுதிப்படுத்தவேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உறுதிப்படுத்துவது யார்? அனுப்பும் அரசே! மணமகனின் ஒழுக்கத்துக்கு மணமகனின் தகப்பனிடமே நற்சான்றிதழ் வாங்குவது போன்றது இது.

அதே 2012இல் இன்னொரு கூத்தும் நடந்தது. 58ஆவது படைப்பிரிவின் தளபதியாக மன்னார்க் கரையிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை படைநடத்திய சவேந்திர சில்வா, போர் முடிந்த மறு ஆண்டே நியூயோர்க்கில் சிறிலங்காவின் துணை நிரந்தரப் பிரதிநிதியாக அமர்ந்தார். அமைதி காக்கும் படைகளுக்கான கொடுப்பனவை ஆராயும் ஐ.நா. உயர் ஆலோசனைக் குழுவில் ஆசிய நாடுகளின் சார்பில் அவருக்கு ஆசனமும் கிடைத்தது. அப்போதைய மனித உரிமை ஆணையாளர் நவநீதம்பிள்ளை எதிர்ப்புத் தெரிவித்தார். குழுவின் தலைவர் லூயிஸ் பிரேஷெற், அவர் பங்குபற்றுவது பொருத்தமன்று என்று அறிவித்து ஒதுக்கிவைத்தார். எங்கள் அனுபவத்தில் ஐ.நா.வின் கதவொன்று சரியான நேரத்தில் மூடப்பட்ட அரிய தருணங்களுள் அது ஒன்று.

2019 ஓகஸ்டில் அதே சவேந்திர சில்வா இராணுவத் தளபதியாக நியமிக்கப்பட்டார். அடுத்த மாதமே, சிறிலங்கா இராணுவத்தின் எதிர்கால அனுப்புகைகளை இடைநிறுத்துவதாக ஐ.நா. அறிவித்தது. நடவடிக்கைகளுக்குப் பாரதூரமான இடர் விளையும் இடங்கள் தவிர, என்ற வாலையும் சேர்த்தே அறிவித்தது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டே மாலியில் சிறிலங்காப் படை தொடர்ந்தது. அவ்வறிவித்தலுக்கு முந்திய ஆண்டு, 2018 ஒக்டோபரில், மாலிக்குச் சென்ற அணியின் தளபதியையே மனித உரிமைப் பின்னணி குறித்த தகவல்களின் பேரில் திருப்பி அழைக்குமாறு ஐ.நா. கேட்க நேர்ந்தது. அதே 2018இல், இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பரிசீலனை முடியும் முன்னரே 49 படையினர் லெபனானுக்கு அனுப்பப்பட்டமை அம்பலமானது. சல்லடையில் மாவைப் போடாமலே ரொட்டி சுட்ட கதை.

இவையெல்லாம் எப்படி வெளிவந்தன? கொழும்பு சொல்லவில்லை, நியூயோர்க்கும் தானாகத் தேடவில்லை. தென்னாபிரிக்க வழக்கறிஞர் யஸ்மின் சூக்கா தலைமையிலான உண்மைக்கும் நீதிக்குமான செயற்றிட்டம் போன்ற அமைப்புக்கள், எந்த அதிகாரி எந்த நாளில் எந்தப் படையணியோடு எங்கே நின்றார் என்று பொறுமையாகக் கோவை கட்டின. தப்பிவந்த வன்னி மக்களின் வாக்குமூலங்களையும் இராணுவத்தின் சொந்தப் பதிவுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டன. வீதியில் எழுந்த கோஷம் ஒரு தளபதியையும் மாலியிலிருந்து திருப்பவில்லை. ஒரு கோவை திருப்பியது.

இதற்கு இரண்டு மறுப்புகள் சொல்லப்படுவதுண்டு. ஒன்று: ஒரு சிலரின் குற்றத்துக்காக முழு இராணுவத்தையும் தண்டிப்பதா? தெற்கின் ஏழைக் கிராமத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் வருமானத்தைப் பறிப்பதா? ஒரு சிப்பாய்க்கு மாதமொன்றுக்கு 1,400 டொலருக்கு மேல் ஐ.நா. ஈடுசெய்கிறது. அந்தச் சிங்களப் பிள்ளையின் சோற்றில் மண் போடுவது எங்கள் நோக்கமன்று. குற்றமற்றவனைக் குற்றமற்றவன் என்று காட்டும் ஒரே வழி பரிசீலனைதான். அதனை மறுக்கும் அரசுதான் குற்றமற்ற சிப்பாயின் முகத்திலும் சந்தேகக் கரியைப் பூசுகிறது. நீலத் தொப்பி என்பது எவரதும் பிறப்புரிமையன்று. அது நம்பிக்கையின் பேரில் தரப்படும் பதவி. மேலும், அரசுக்கு உண்மையில் வலிக்கக்கூடிய இடம் இந்தக் கொடுப்பனவும் அதனோடு வரும் கௌரவமுமே. ஜெனிவாத் தீர்மானங்களைக் கிழித்தெறியக்கூடிய அரசு, நீலத் தொப்பியை இழக்க அஞ்சுகிறது.

இரண்டாவது மறுப்பு: படை தர வேறு நாடுகள் முன்வருவதில்லை, குறைகளோடு கூடிய படையாவது இல்லாத படையிலும் மேல். ஹெய்ட்டியின் அந்த ஒன்பது குழந்தைகளிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

வன்னியின் நீதிமன்றங்கள்

இனி வன்னிக்கே வருவோம். பாங்கிக்கும் புக்காவுவுக்கும் போகும் நீதி அலுவலர் ஒருவர் தவறுதலாக முல்லைத்தீவில் வந்திறங்கினால், என்ன காண்பார்?

வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி வீதியோரத்தில் அமர்ந்து தொடங்கிய போராட்டத்தைக் காண்பார். வவுனியாவும் முல்லைத்தீவும் அதனைத் தொடர்ந்தன. அந்தப் பந்தல்களில் அமர்ந்திருந்த தாய்மார் பலர் விடை தெரியாமலே கண்ணை மூடிவிட்டனர்.

வவுனியா மேல் நீதிமன்றத்தின் ஆட்கொணர்வு வழக்குக் கோவைகளைக் காண்பார். 2009 மே 18ஆம் திகதி இராணுவத்திடம் தங்கள் கையாலேயே உறவுகளை ஒப்படைத்தவர்கள் தொடுத்த வழக்குகள் அவை. முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தில் விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. சரணடைந்தோரின் பட்டியல் உண்டென்று 58ஆவது படைப்பிரிவின் அதிகாரியே சாட்சியமளித்தும், மனுதாரர்கள் தேடிய பட்டியல் மன்றுக்கு வந்துசேரவில்லை. ஈற்றில் 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம், ஒப்படைக்கப்பட்டவர்களுக்கு இராணுவமே பொறுப்பு என்று கண்டு, அவர்களை மன்றில் முற்படுத்துமாறு கட்டளையிட்டது. எவரும் முற்படுத்தப்படவில்லை. பயமின்றித் தீர்ப்பெழுதிய நீதிமன்றம் வன்னியில் இருந்திருக்கிறது. அத்தீர்ப்பை நிறைவேற்றும் அரசுதான் இல்லை.

விசுவமடுவில் 2010இல் நடந்த கூட்டுப் பாலியல் வன்முறை வழக்கின் கோவையையும் காண்பார். நான்கு படையினருக்கு யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் 2015இல் கடூழியச் சிறை விதித்தது. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது வெளிப்பட்ட மனிதப் புதைகுழியைக் காண்பார். 2024இல் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டிருந்தன. பணம் இல்லை என்று அகழ்வு இடையிடையே நின்றது. போருக்கு ஒருநாளும் பணமில்லாமற் போகாத நாடு இது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வெற்று ஆசனத்தைப் பற்றிக் கேள்விப்படுவார். குருந்தூர்மலை விவகாரத்தில் கட்டளைகள் பிறப்பித்த முல்லைத்தீவு நீதிபதி ரி. சரவணராஜா, உயிர் அச்சுறுத்தலும் அழுத்தமும் உள்ளதாகக் கூறி 2023 செப்டெம்பரில் பதவி துறந்து நாட்டைவிட்டே வெளியேறினார். அரச தரப்பு அதனை மறுத்தது. நீதிபதி தலைமறைவாகும் ஊரில்தான் நீதி அலுவலர் தேவைப்படுகிறார் என்று ஐ.நா.வின் கைநூல்கள் சொல்கின்றன. வன்னிக்கு எந்த நீதி அலுவலரும் வரவில்லை. ஏனெனில் வன்னிக்கு எந்த அமைதி காக்கும் நடவடிக்கையும் அனுப்பப்படவில்லை. வன்னியில் போர்புரிந்த படைதான் பிறர் நாடுகளுக்கு அமைதி காக்கப் போனது.

செய்யவேண்டியது என்ன?

எங்கள் அரசியல்வாதிகள் ஆண்டுதோறும் ஜெனிவாவுக்குப் பெட்டி கட்டுகிறார்கள். திரும்பிவந்து ஊடகச் சந்திப்பு வைக்கிறார்கள். சர்வதேச விசாரணை என்ற இரண்டு சொற்களை மந்திரம்போல் உச்சரிக்கிறார்கள். புலம்பெயர் அமைப்புக்களோ ஒன்றையொன்று துரோகி என்று அழைப்பதில் வல்லவை. இவர்களில் எத்தனை பேர் ஐ.நா.வின் அமைதிப்பணித் திணைக்களத்தின் கதவைத் தட்டி, இந்தப் பெயர்ப் பட்டியலில் உள்ளவர்களை நீங்கள் பரிசீலித்தீர்களா என்று கேட்டிருக்கிறார்கள்?

கேட்கவேண்டியவை தெளிவானவை. முதலாவது, படை அனுப்பும் அரசின் சுயசான்றிதழை ஏற்பதை ஐ.நா. நிறுத்தவேண்டும். 2021இல் 46/1 தீர்மானத்தின் வழி மனித உரிமை ஆணையாளர் அலுவலகத்தில் சாட்சியங்களைத் திரட்டிப் பேணும் பொறிமுறை ஒன்று உருவானது. அதன் ஆணை பின்னரும் நீடிக்கப்பட்டது. அந்தக் கோவைகளோடு ஒப்பிடாமல் எந்தச் சிறிலங்கா அதிகாரிக்கும் நீலத் தொப்பி அணிவிக்கலாகாது. இரண்டாவது, வெளிநாட்டில் குற்றம் புரிந்த அமைதிப்படையினனை அவனுடைய படையே விசாரிக்கும் வழக்கம் ஒழியவேண்டும். 2016இல் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 2272ஆம் தீர்மானம் முழு அணியையே திருப்பி அனுப்பும் அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் திருப்பி அனுப்புவது தண்டனையன்று. மூன்றாவது, வவுனியா மேல் நீதிமன்றக் கட்டளை போன்ற உள்நாட்டுத் தீர்ப்புகளை மதிக்காத அரசின் இராணுவத்துக்கு அமைதிப்பணியில் இடமில்லை என்பதை நிபந்தனையாக்கவேண்டும்.

பிரித்தானியா 2025 மார்ச்சில் சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய ஆகிய முன்னாள் தளபதிகள் மீதும், புலிகளிலிருந்து பிரிந்துசென்ற கருணா மீதும் தடை விதித்தது. இப்படியான தடைகள் கோவைகளிலிருந்துதான் பிறக்கின்றன என்பதை நினைவிற்கொள்க.

கடைசியாக, சட்டம் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு சொல். வன்னியைக் கைவிட்ட சபையில் வேலைக்குப் போவதா என்று உங்களிற் சிலரிடம் பெரியவர்கள் சீறுவார்கள். போங்கள் என்பேன். கிளிநொச்சி வாசலில் மன்றாடிய மக்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்த வாகனங்களுள் ஒன்றில், நான் போகமாட்டேன், எழுதுவேன், சாட்சி சொல்வேன் என்று அடம்பிடிக்கும் அலுவலர்கள் இன்னும் பத்துப் பேர் இருந்திருந்தால் வரலாறு சற்றேனும் வேறாக இருந்திருக்கும். கொங்கோவிலோ தென்சூடானிலோ இடிந்த நீதிமன்றம் ஒன்றில் வேலை பழகுங்கள். சாட்சியை எப்படிக் காப்பது, எலும்புக்கூட்டை எப்படிப் பதிவது, பட்டியலை மறைக்கும் இராணுவத்திடம் பட்டியலை எப்படிப் பெறுவது என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் அருகிலுள்ள கூடாரத்தில் நீலத் தொப்பியணிந்தவன் தவறு செய்தால், அவன் எந்த நாட்டவனாயினும், தமிழனே ஆயினும், மறைக்காதீர்கள்.

அந்தத் தொழிற்கல்வியோடு நீங்கள் முல்லைத்தீவுக்கு வரும் நாளும் வரக்கூடும். வவுனியா நீதிமன்றத்தின் கட்டளை இன்னும் காலாவதியாகவில்லை.